ஏழு அங்குலம்

மார்ச் 3

மதிப்பிற்குரிய ஓவியர் அவர்களுக்கு,

உன்னைப் பெற்றவள் எழுதுவது. போனில் பேசினால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதானால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

போன வாரம் கணக்கு வாத்தியார் வந்தார். உன் அப்பாவோடு இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கையில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டே படியேறினார். "அக்கா, நம்ம சார் பேப்பர்ல வந்திருக்காரு! உங்க பொண்ணு ராஜா மாதிரி வரைஞ்சிருக்கா!" படத்துக்குக் கீழே 'விசில் வாத்தியாரின் கல்லறை' என்று போட்டிருந்தது. பழைய எகிப்தியக் கல்லறைச் சுவர்களைப் பார்த்து வரைந்த பதினான்கு நீர்வண்ண ஓவியங்களாம். உன் அப்பா செத்துப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தப் பதினோரு மாதமும் நீ இதைத்தான் செய்துகொண்டிருந்தாய் என்று எனக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் கண்காட்சியைப் பார்க்கக் காலை முதல் பஸ் பிடித்து ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். வாசலில் காவலுக்கு நின்ற பெண் பையை வெளியே வைக்கச் சொன்னாள். "கண்ணாடியும் மாத்திரையும் இதுலதான் இருக்கு, மயக்கம் போட்டு விழுந்தா நீ தூக்குவியா?" என்றதும் விட்டுவிட்டாள்.

முதல் கூடத்தில் இருந்ததைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட்டுக் கோப்பைகள் அடுக்கிய மேஜைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஒரே முகத்தோடு வரிசையாகப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் மடிப்பைக்கூட நேராகப் போட்டிருந்தாய். தினம் அந்த மடிப்பை இஸ்திரி போட்டவள் நான், அதனால் சொல்கிறேன்.

பிறகு ஆறாவது படம். ஒரு சுவர் முழுக்க அதுதான். நாணல் படகு, மேலே கலைந்து பறக்கிற பறவைகள், கையில் கோலை ஓங்கிக்கொண்டு அவர். மார்பு நம்மைப் பார்த்திருக்கிறது, முகம் பக்கவாட்டில், கண் மட்டும் திரும்பவும் நம்மைப் பார்க்கிறது. கழுத்தில் விசில். இரண்டு கால்களுக்கு நடுவில் மண்டியிட்டு நீ பூப் பறிக்கிறாய். அவர் காலடியில் இன்னொன்று முழங்காலுக்கும் கீழே ஒடுங்கிக்கொண்டு காலைக் கட்டிப் பிடித்திருந்தது. பூனை என்று நினைத்தேன். பக்கத்துப் படத்தில் ஒரு பூனை இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். மோவாயில் மச்சம். நான்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். அவர் நாற்பத்தெட்டு அங்குலம். நான் ஏழு. நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று சமாளிக்காதே, நீயும்தான் மண்டி போட்டிருக்கிறாய். உனக்கு ஒன்பது!

காவல்காரப் பெண் ஓடி வந்தாள். "பாட்டி, படத்தைத் தொடாதீங்க."

"தொடல. அளக்குறேன்."

"எதுக்கு?"

"தைக்கறதுக்கு."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓடிய அத்தனை பிள்ளைகளுக்கும் சீருடை தைத்தவள் நான். உனக்குத் தைத்தேன், அவருக்குத் தைத்தேன். ஓர் ஆளின் அளவு எனக்குக் கண்ணாலேயே தெரியும். உனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? ஏன் ஏழு? பதில் எழுது.

உன் அம்மா


மார்ச் 9

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

நான் வீட்டை விட்டு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இதுதான் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். நான் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தபோது ஒரு வரி வரவில்லை. முதல் கண்காட்சிக்கு அழைப்பிதழ் அனுப்பினேன், அதற்கும் வரவில்லை. படத்தில் உன் உயரம் குறைந்துவிட்டது என்றதும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்.

காட்சிக்கூடத்திலிருந்து என் வீடு பத்து நிமிஷ நடை. ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்தவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் நடக்க முடியவில்லை.

ஏன் ஏழு என்று கேட்டாய். அவர் போன பிறகு நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். எகிப்தியக் கல்லறைகளின் உள்சுவர்கள், வண்ணப் புகைப்படங்கள். எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவே இல்லை. அந்த ஓவியர்கள் ஆளின் நிஜ உயரத்தைப் பார்த்து வரைந்தவர்கள் இல்லை. கல்லறைக்குச் சொந்தக்காரன் பெரியவன். அந்த இடத்தில் யார் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு உயரம். அவன் காலடியில் மனைவி, கால்களுக்கு நடுவில் மகள், ஓரத்தில் விரல் நீளத்துக்கு வேலைக்காரர்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய விதி. படித்தவுடன் எனக்கு நம் வீடுதான் கண்ணில் வந்து நின்றது.

மறந்துவிட்டாயா? ஒரு விசில் அடித்தால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இரண்டு அடித்தால் நீ வர வேண்டும். மூன்று அடித்தால் நான். சொந்த வீட்டில் எனக்குப் பெயர் மூன்று விசில். உனக்கு இரண்டு.

அந்த வீட்டில் உனக்கு ஏழு அங்குலம்தான் இருந்தது அம்மா. நான் குறைக்கவில்லை. எனக்கு ஏன் ஒன்பது என்றால், நான் ஒரே ஒரு தடவையாவது அவரை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அந்த இரண்டு அங்குலம் அதற்கு.

ராஜா மாதிரி வரைந்திருக்கிறேன் என்று கணக்கு வாத்தியார் சந்தோஷப்பட்டாராம். படட்டும். கல்லறையை ஏன் அவ்வளவு கனமாகக் கட்டுகிறார்கள்? உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது என்றும் இருக்கலாம் இல்லையா? இப்போதும் தெருவில் எங்காவது விசில் சத்தம் கேட்டால் நான் எழுந்து நிற்கிறேன். முப்பத்தெட்டு வயதில். ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுகூட.

அவரை உள்ளே வைத்துப் பூட்டத்தான் வரைந்தேன். நீயும் அந்த உள்ளேதான் இருந்தாய். நான் என்ன செய்ய?

உன் மகள்


மார்ச் 14

ஓவியர் அம்மாளுக்கு,

விதியாம். மூவாயிரம் வருஷத்து விதி. உன் அப்பாவும் எதற்கெடுத்தாலும் விதி, ஒழுங்கு என்றுதான் பேசுவார். நீ அவர் மகள்தான், சந்தேகமே இல்லை.

அன்று சொல்லாமல் விட்டதையும் சொல்கிறேன். என்னை எதற்காக மஞ்சளாய் அடித்தாய்? அவரைச் செம்மண் நிறத்தில் போட்டு என்னை வெளிறின மஞ்சளில் போட்டிருக்கிறாய். பக்கத்தில் நின்ற ஒருவர் தன்னோடு வந்த ஓர் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துப் பெண்கள் வெளியே போகாமல் நிழலிலேயே இருப்பார்களாம், அதனால் மஞ்சளாம். நான் நாற்பது வருஷம் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நடந்தவள். உன் அப்பா மைதானத்து மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யாருக்கு மஞ்சள் அடித்திருக்க வேண்டும்?

படத்தில் அவருக்கு இரண்டும் இடது கால். அதுவும் விதியா? இரண்டு இடது காலை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டப் பந்தயம் நடத்தினார்?

உன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். வந்தேன். தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் வந்தேன். கதவைத் திறந்து நீ என்னைப் பார்க்கப் போகிற பார்வையை நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன். அதற்கு மேல் கேட்காதே.

அந்த ஆறாவது படத்தை எடு. மற்ற பதின்மூன்றையும் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள். எனக்கு ஆட்சேபனை இல்லை. அதை மட்டும் எடு. வருகிற சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். எடுக்கவில்லை என்றால் நானே வந்து எடுத்துக்கொள்வேன்.

அம்மா


மார்ச் 24

அம்மா,

'எடுத்துக்கொள்வேன்' என்று நீ எழுதியபோது சுவரிலிருந்து இறக்குவாய் என்று நினைத்தேன். அது நாலு ஆள் சேர்ந்து மாட்டிய சுருள் தாள், உன்னால் ஆகாது என்று நினைத்துச் சிரித்தேன். இப்போது உனக்குச் சிரிப்பு வருகிறதா?

சனிக்கிழமை மதியம் காட்சிக்கூடப் பொறுப்பாளர் கூப்பிட்டார். "யாரோ ஒரு வயசானம்மா உங்க படத்தைத் துடைச்சிட்டாங்க" என்றார். படத்தைத் துடைப்பது என்றால் என்ன என்றே எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்ததும் புரிந்தது.

கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார். காவல்காரப் பெண் டீ குடிக்கப் போகும்வரை காத்திருக்கிறாய். பையிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுக்கிறாய். கைக்குட்டையை நனைத்துப் பிழிகிறாய். துணியில் விழுந்த சாக்பீஸ் கோட்டை எடுப்பாயே, அதே மாதிரி தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்கிறாய். தாள் கொஞ்சம்கூடக் கிழியவில்லை. பதினொரு நிமிஷம் வேலை. முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கிறாய், தைத்த சட்டையைப் பார்ப்பது போல. பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறாய்.

பொறுப்பாளர் போலீஸில் சொல்லப் போனை எடுத்தார். "வேண்டாம் சார், அது எங்கம்மா" என்றேன். அவர் போனைக் கீழே வைத்தார். "பெத்த அம்மாவா?" என்று கேட்டார்.

மஞ்சள் முழுதும் போய்விட்டது. கூந்தலுக்குப் போட்ட கருநீலம் தாளுக்குள் இறங்குகிற நிறம், அது போகாமல் திட்டாக நிற்கிறது. அதைத் தவிர மிச்சமிருப்பது உன் கை. அவர் காலைப் பிடித்திருக்கிற கை. அது அவர் கால்மேல் வரைந்தது, துடைத்தால் அவர் காலும் போகும். அதனால் நீ அதைத் தொடவில்லை. உன்னையே அழித்துக்கொள்ள வந்தவள் அவர் மேல் ஒரு சொட்டு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டாய். உடம்பு இல்லை, முகம் இல்லை, கை மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் வரைந்ததைவிட நீ செய்தது அப்பட்டமாக இருக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்.

இதுவரை நான் வாய் திறந்து கேட்காததை இப்போது கேட்கிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயது. ஓவியக் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த நாள். அவர் என் படங்களை எல்லாம் கூடத்தில் கொண்டு வந்து போட்டார். நாற்பத்து மூன்று தாள்கள், மூன்று வருஷத்து வேலை. நான் போவேன் என்று சொன்னேன். அவர் கழுத்திலிருந்த விசிலை எடுத்தார். இரண்டு விசில் அடித்தார். நீ வந்தாய். "ஒரு வாளி தண்ணி கொண்டா" என்றார். நீ போய்க் கொண்டு வந்தாய். ததும்பத் ததும்ப, வழியில் ஒரு சொட்டுச் சிந்தாமல்.

அவர் ஒவ்வொன்றாக முக்கினார். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். தண்ணீர் சேறாயிற்று. "கொண்டு போய்க் கொட்டு" என்றார். கொட்டினாய். பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். கழுவிக் கவிழ்த்து வைத்தாய் அம்மா!

என் படத்தை நீ தண்ணீர் விட்டு அழிப்பது இது இரண்டாவது முறை. இந்த முறை விசில் அடிக்க ஆள் இல்லை. நீயாகவே செய்தாய்.

இனிமேல் எனக்கு எழுதாதே.


மார்ச் 29

வாலு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எதிர்த்துப் பேசினால் இரண்டு அங்குலம் கூடும் என்று நீதானே சொன்னாய்.

வாளி கொண்டு வந்தது நான்தான். நீ சொன்னது எல்லாம் நடந்தது. நீ சொல்லாத ஒன்றும் நடந்தது, அதையும் நானே சொல்கிறேன். அந்தக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஒரு வாளி நிறைய ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷம் என் கையில் இருந்தது. குழாயை மூடியிருக்கலாம். தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாளியைக் கீழே போட்டுக் கூடம் எல்லாம் தண்ணீராக்கி அமர்க்களம் பண்ணியிருக்கலாம். எல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றிக்கொண்டே இருக்கும்போது வாளி நிறைந்துவிட்டது. அரை வாளி கொண்டு போனால் அவர் கத்துவார் என்று நிறையவே பிடித்தேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கிற அளவில் இல்லை இது என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்பதற்கு நீ பதில் சொல். ஏழு அங்குலத்துக்காரியால் அந்த வாளியைத் தூக்க முடியுமா?

முதல் நாள் உன் படத்துக்கு முன்னால் நான் நிற்கும்போது ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள், புதிதாய்க் கல்யாணமானவர்கள் போல இருந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, பாவம், எவ்ளோ குட்டியா இருக்காங்க!" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உயரம் குறைந்ததற்காக இல்லை. நான் பாவம் இல்லை வாலு. பாவம் செய்தவள். நீ என்னை அவ்வளவு சின்னதாக வரைந்து அதை மறைத்துவிட்டாய். என்னை வரைவதானால் கோழையாக வரை, கொலைகாரியாகக்கூட வரை. ஆனால் முழு உயரத்துக்கு வரை. செய்தது நான், என் ஐந்தடி ஓர் அங்குலமும் சேர்ந்துதான் செய்தது.

கையைப் பற்றி எழுதியிருந்தாய். துடைக்கப் போனேன். அவர் கால் போய்விடும் என்றதும் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். செத்தவருடைய படத்தின் காலுக்குப் பயந்தேன். அதை நீ கண்டுபிடித்து எழுதியதைப் படித்தபோது உன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. பெற்ற பிள்ளை மேல் வருமா என்று கேட்காதே. வந்தது.

நீ மட்டும் என்ன? அவருக்கு நாற்பத்தெட்டு அங்குலம் கொடுத்து ஒரு சுவரையே எழுதி வைத்திருக்கிறாய். அவர் ஐந்தடி நான்கு அங்குலம். என்னைவிட மூன்று அங்குலம்தான் அதிகம். அவருக்குச் சட்டை தைத்தவள் சொல்கிறேன், தோள் சின்னது, பஞ்சு வைத்துத்தான் தைப்பேன். விசிலைக் கழற்றிவிட்டால் கூட்டத்தில் தேட வேண்டிய ஆள். அவரை அவ்வளவு பெரிதாக யார் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது? நானா, நீயா?

போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லச் சொல். நானே வந்து பெயரும் விலாசமும் எழுதிக் கொடுக்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 17

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். அனுப்பவில்லை. அதை அனுப்பியிருந்தால் நீ அதன்பிறகு எழுதியிருக்க மாட்டாய்.

போலீஸ் வரவில்லை. புகார் கொடுத்தால் பதினான்கையும் இறக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றதும் பொறுப்பாளர் அடங்கிவிட்டார். படத்துக்குக் கீழே 'சேதமடைந்தது' என்று அட்டை வைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். மிச்சமிருந்த இரண்டு வாரமும் அது அப்படியே தொங்கியது. பார்க்க வந்தவர்கள் அந்தக் கைக்கு முன்னால்தான் நின்றார்கள். யாருடைய கை என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

நான் உன்னை மன்னிக்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

குழாய் ஐந்து நிமிஷம் ஓடியது என்று எழுதியிருந்தாய். அந்த ஐந்து நிமிஷம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கூடத்தில், அவர் முன்னால், அசையாமல். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா இப்போது நிறுத்துவாள், இப்போது நிறுத்துவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. நீ நிறுத்திவிட்டாய் என்று நினைத்தேன். ஒரு மூச்சு சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு நீ வாளியோடு கதவைத் தாண்டி வந்தாய். அவர் படங்களை முக்கியதைவிட எனக்கு அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அவருடைய உயரத்தைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம்தான் இருக்கிறது, ஏனென்றால் நீ சொன்னது சரி.

உன்னை முழு உயரத்துக்கு வரைந்து பார்த்தேன். ஆறு தாள் வீணாயிற்று. அவரைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நீ எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. தையல் மிஷினில் குனிந்த முதுகு தெரிகிறது. அடுப்பங்கரையில் பாதி முகம் தெரிகிறது. அன்றைக்கு நீ வாளியோடு வந்தபோது நான் தண்ணீரைத்தான் பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் வந்து நில். வாளியோடு நில். வாளியை நிறைத்துத்தான் கொடுப்பேன். காலி வாளி தூக்குகிற தோள் வேறு, நிறைந்த வாளி தூக்குகிற தோள் வேறு. உனக்கு அறுபத்து மூன்று வயது என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

வாலு


ஏப்ரல் 21

வாலு,

வியாழக்கிழமை வருகிறேன். மருந்துக்கடையோடு திரும்ப மாட்டேன்.

வாளியை நிறையப் பிடித்து வை. நடுவில் இறக்கி வைத்தால் திட்டாதே, மறுபடி தூக்கிக்கொள்வேன். எனக்கு ஒரு வலது காலும் இருக்கிறது, அதையும் போடு. மஞ்சள் வேண்டாம்.

அம்மா


மே 4

அம்மாவுக்கு,

மூன்று நாள் இருந்தாய். தினம் மூன்று மணி நேரம் நின்றாய். எட்டுத் தடவை வாளியை இறக்கினாய், எட்டுத் தடவையும் நீயே தூக்கினாய். உள்ளங்கையில் கம்பி பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்தேன். போதும் என்று நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. சாப்பிடும்போது உப்பு இருக்கிறதா என்று நீ கேட்டாய், இருக்கிறது என்றேன். மூன்று நாளில் நாம் பேசியது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரைந்து முடித்துவிட்டு, வந்து பார் என்றேன். வந்தாய். பார்த்தாய். பையை எடுத்துக்கொண்டு செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டாய். ஜன்னலிலிருந்து கூப்பிட்டேன், நீ திரும்பவில்லை.

மறுபடியும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். உனக்கு எப்போதும் தெரிந்தது அதுதான். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு என்ன? நீ கேட்டபடிதான் வரைந்தேன். அறுபத்தோரு அங்குலம், உன் நிஜ உயரம். வெயிலில் கறுத்த நிறம். தோள்கள் நேராக, முகம் பக்கவாட்டில், கண் பார்க்கிறவர்களை நோக்கி, கல்லறைச் சுவரில் இருப்பது போலவே. ஒரு வலது கால். இரண்டு கையும் சேர்த்துப் பிடித்த வாளி. வேறு யாரையும் வரையவில்லை. நான் இல்லை. அவரும் இல்லை. அவருக்கு அந்தத் தாளில் இடம் வைக்கத் தோன்றவே இல்லை.

காட்சிக்கூடத்தில் ஜூன் மாதம் இதை வைக்கக் கேட்கிறார்கள், தனியாக, ஒரு கூடத்தில். உன்னைக் கேட்காமல் மாட்ட மாட்டேன். வேண்டாம் என்றால் சுருட்டி வைத்துவிடுவேன். ஏதாவது ஒன்று சொல். இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்.

வாலு


மே 9

வாலு,

சொல்கிறேன். அன்றைக்கு நின்ற இடத்தில் சொல்ல முடியவில்லை.

படம் பிடிக்காமல் போகவில்லை. அந்தப் பொம்பளையின் முகத்தைப் பார்த்தேன். பயந்த முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இத்தனை வருஷமும் நான் பயத்தில் செய்தேன், பயத்தில் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். உனக்கும் அப்படித்தான் எழுதினேன். நீ வரைந்த முகத்தில் பயம் இல்லை. தண்ணீர் சிந்தாமல் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டுமே என்கிற கவனம் மட்டும் இருக்கிறது. வேலையாகப் போகிறவளின் முகம். கதவுக்கு அந்தப் பக்கம் தன் பிள்ளை நிற்கிறாள் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

நீ பொய்யாக வரைந்திருப்பாயோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். உன்மேல் பழி போட ஏதாவது கிடைக்காதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் மூன்று நாள் வாளியோடு நின்றபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? உன் தரை நனைந்துவிடக் கூடாதே என்று. அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். பார்த்ததை வரைந்திருக்கிறாய்.

எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் உன்மேல் வந்த கோபமும், உன் அப்பா மேல் வரவேண்டிய காலத்தில் வராத கோபமும் எல்லாம் சேர்ந்து அவள் மேல் வந்தது. உன் வீட்டில் நின்றுகொண்டு அதை உனக்குக் காட்ட நான் விரும்பவில்லை. அதனால்தான் படியிறங்கினேன். நீ கூப்பிட்டது காதில் விழுந்தது.

அந்தப் படத்தை மாட்டு. நடுவில் கயிறோ கண்ணாடியோ வைக்கச் சொல்லாதே, நான் துடைக்க மாட்டேன். ஜூன் மாதம் முழுக்க உன் வீட்டில் வந்து தங்கப் போகிறேன். உனக்குப் பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. தினம் காலையில் கூடம் திறந்ததும் போய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். வருகிறவர்கள் பார்ப்பார்கள். இந்தம்மா தண்ணியை எங்கே கொண்டு போறாங்க என்று யாராவது கேட்பார்கள்.

கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அம்மா